தங்கை வீட்டுப் புடிங்

1

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் ஊருக்கு எழுதும்போது எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். பிள்ளைக்குத் தமிழ் வராது, ஊர் பிடிக்காது, நுளம்பு கடிக்கிறது என்பாள், வெக்கை என்பாள், கூப்பிட்டால் வரமாட்டாள். என் வீட்டில் கதை வேறு. என் மகள் ஹஸ்னா இந்த நோன்பு மாதத்தை இலங்கையில், எங்கள் ஆலங்குடாவில் கழிக்கப் போயிருக்கிறாள். பல்கலைக்கழக விடுமுறை தொடங்கிய மறுநாளே போய்விட்டாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "நீங்க லீவு எடுக்கத் தேவையில்ல உம்மா, சாச்சி இருக்கிறாதானே" என்றாள்.

சாச்சி என்பது என் தங்கை நஸ்ரியா. தொண்ணூறில் மன்னாரில் இருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் துரத்தியபோது வாப்பாவும் உம்மாவும் எங்களைக் கூட்டிக்கொண்டு படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். நான் பிறகு லண்டன்காரரைக் கட்டி இங்கே வந்தேன். அவள் படகுக்காரரைக் கட்டி ஆலங்குடாவிலேயே தங்கிவிட்டாள். லண்டன்காரர் என்று ஊரில் சொல்கிறார்களே தவிர, நாங்கள் இருப்பது லண்டனில் இருந்து ரயிலில் நெடுந்தூரம் போகவேண்டிய ஒரு மழை ஊர்.

ஹஸ்னா ஊருக்குப் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் பெண்கள் பகுதியில் விஷயம் பரவிவிட்டது. மாஷா அல்லாஹ், கொடுத்து வைத்தவள் என்று ஆளுக்கு ஆள் என் கையைப் பிடித்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்று ஒருத்தி கண்கலங்கினாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

எனக்குப் பொறாமை. இதற்கு வேறு பெயர் வைத்துச் சொல்ல விருப்பமில்லை. சக்களத்தி மேல் வரவேண்டியது கூடப்பிறந்தவள் மேல் வந்திருக்கிறது. என் மகள் ஊருக்குத் திரும்புகிறாள் என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அவள் என்னைத் தாண்டித் திரும்புகிறாள் என்பது எனக்கல்லவா தெரியும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நஸ்ரியாவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணம் முடித்துப் பல வருடம், கொழும்பு டொக்டர்மாரையும் பார்த்தாயிற்று, ஓதியும் பார்த்தாயிற்று. பிள்ளை இல்லாத ஒருத்தி மேல் பிள்ளை பெற்றவள் பொறாமைப்படலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். தொழுத பாயில் இருந்துகொண்டு நானும் அதையேதான் கேட்கிறேன்.

2

எல்லாம் ஜெலட்டினால் வந்தது என்றால் சிரிப்பீர்கள்.

யுத்தம் முடிந்த மறு வருடம் நானும் ஹஸ்னாவும் இங்கே வந்து சேர்ந்தோம். அவளுக்கு அப்போது பாடசாலைக்குப் போகத் தொடங்குகிற வயது. கணவர் முன்னரே வந்து ஒரு பெரிய களஞ்சியசாலையில் வேலையாக இருந்தார். வந்த புதிதில் இறைச்சியைப் பற்றி மட்டும்தான் யோசித்தோம். தெருமுனையில் ஹலால் இறைச்சிக்கடை இருந்தது, ஆகவே பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். ஒருநாள் கடையில் பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண் என் தள்ளுவண்டியில் கிடந்த ஜெல்லி மிட்டாய்ப் பைக்கற்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, ஒரு சொல்லை விரலால் தொட்டுக் காட்டினாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டின் அல்லது பன்றியின் தோலையும் எலும்பையும் அவித்து எடுக்கிற பசைதான் ஜெலட்டின். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை. அதனால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஜெல்லியில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். சில யோகட்டிலும் இருக்கும். கேக்கின் நடுவில் உள்ள கிறீமில் இருக்கும், வாயில் போட்டால் பஞ்சு மாதிரி அமுங்குகிற மாஷ்மலோவில் இருக்கும், மருந்துக் குளிசையின் கூட்டில்கூட இருக்கும். பாடசாலையில் பிள்ளைகளின் மூக்குக்குள் அடிக்கிற தடிமன் காய்ச்சல் தடுப்பு மருந்திலும் அது இருக்கிறது என்று அறிந்து, அவளுக்கு ஊசியே போடுங்கள் என்று கேட்டு நான் எத்தனை பேருடன் தொலைபேசியில் மல்லுக்கட்டினேன் தெரியுமா. ஒரு தாதி மிகவும் அன்பாக, உங்கள் மகளுக்கு ஊசி என்றால் அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டாள்.

என் ஆங்கிலமும் அப்போது அப்படித்தான். சுப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவனிடம் ஒரு யோகட்டை நீட்டி, இதற்குள் மிருகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அவன் எலி என்று நினைத்தான். மனேஜர் வந்தார், அந்த அடுக்கையே காலி பண்ணத் தொடங்கினார்கள். நான் யோகட்டை மெதுவாக வைத்துவிட்டு ஹஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். அவள் அழுதுகொண்டே வந்தாள். அவளுக்கு அந்த யோகட் வேண்டும்.

அன்றிலிருந்து என் வேலை அதுதான். பைக்கற்றை எடு, திருப்பு, வாசி, திரும்ப வை. பிறந்தநாள் விழாவுக்கு விட்டால் வாசலிலேயே நின்று, கொடுத்தனுப்புகிற இனிப்புப் பையை வாங்கிப் பாதியை வெளியே எடுப்பேன். மற்றத் தாய்மார் பிள்ளையின் வாய்க்குள் எதையாவது போடுவார்கள், நான் வாயில் இருந்து எடுப்பேன். சந்தேகம் இருந்தால் விடு என்பது எங்கள் வழக்கம், நான் விட்டேன். ஹலால் ஜெல்லி மிட்டாய் கடைகளில் வரத்தொடங்கிய பிறகும் நான் நம்பவில்லை. அது சரியோ பிழையோ, ஒரு பிள்ளைக்கு உம்மா என்றால் 'வேண்டாம்' என்ற சொல் என்று பழகிப்போனது.

3

ஹஸ்னாவுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனோம். விடுமுறை போதாது, இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்று பாடசாலையில் கேட்டேன். விசேட காரணம் என்ன என்று காரியாலயப் பெண் கேட்டாள். பிள்ளை எங்கள் கடலைப் பார்க்கவேண்டும் என்றேன். கடல் இந்த நாட்டிலும் இருக்கிறது என்று சொன்னாள். கடைசியில் அனுமதி கிடைக்காமலே போனோம்.

நஸ்ரியாவின் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில் கடல். அவளுடைய கணவர் ரிஸ்வான் காலையில் வெளிநாட்டுக்காரரைப் படகில் ஏற்றி டொல்பின் காட்டக் கூட்டிப்போவார். பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வருகிறவர்கள் தங்குகிற ஒரு விடுதி பக்கத்தில் இருந்தது. அங்கே இராச்சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிற புடிங் எல்லாம் நஸ்ரியாவின் கைப்பாகம். தேங்காய்ப்பாலில் செய்து சின்னக் கோப்பைகளில் ஊற்றி, மேலே பாகு மாதிரிக் கித்துள் பாணி விட்டு வைத்திருப்பாள். தொட்டால் ஆடும். விடுதிக்குக் கொடுத்தது போக மிச்சம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு.

போய் இறங்கிய அன்றே ஒரு கோப்பையை ஹஸ்னாவிடம் நீட்டினாள். ஹஸ்னா வாங்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அது அவளுக்குப் பழக்கம். நஸ்ரியா சிரித்தாள்.

"இஞ்ச எல்லாம் எங்கட ஆக்கள் விக்கிற சாமான்தான் புள்ள. சாப்பிடு."

பைக்கற்றுகளில் ஹலால் முத்திரை வேண்டுமா வேண்டாமா என்று நாடே சண்டைபிடித்து, அந்த முத்திரை பல சாமான்களில் இருந்து காணாமல் போயும் சில வருடம் ஆகியிருந்தது. நஸ்ரியா அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கடைக்காரர் நம்மவர், தப்பான சாமானை எடுக்கமாட்டார், அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. எனக்கு அந்த நிம்மதியின் மேலேயே முதலில் எரிச்சல் வந்தது. நான் அங்கே கண்ணைக் கெடுத்துக்கொண்டு வாசிக்க, இவள் இங்கே வாசிக்காமலே சொர்க்கம் போவாளாக்கும் என்று நினைத்தேன்.

இருந்தும் ஊரில் என்ன பயம் என்று தலையாட்டிவிட்டேன். ஹஸ்னா ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு கோப்பையை வழித்து நக்கினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதைச் சாப்பிடும்போதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விடிந்தால் சாச்சி, பொழுதுபட்டால் சாச்சி. தலை இழுத்துப் பின்னிவிடவும் சாச்சிதான். நான் சீப்பை எடுத்தால் தலை நோகிறது என்பாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. நஸ்ரியா ஊட்டுவதைப் பார்த்து அது வாய்வரை வந்து, சொல்லக்கூடாத இடத்தில் சொல்லக்கூடாத சொல் என்று விழுங்கிவிட்டேன். அந்த அளவுக்காவது எனக்கு அறிவு இருந்தது.

4

ஒருநாள் பின்னேரம் இரண்டுபேரும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். நான் குசினிக்குள் போனேன். அப்படி எதைத்தான் போடுகிறாள் இந்தப் புடிங்குக்குள் என்று எனக்குத் தெரியவேண்டும். அதே தேங்காய்ப்பால், அதே ஏலக்காய், நானும்தான் செய்கிறேன், என் மகள் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை.

பால்மா டின்னுக்குப் பின்னால் ஒரு வெள்ளிநிறப் பை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கை தன்பாட்டில் அதைத் திருப்பியது. பின்பக்கத்தில், எறும்பு மாதிரியான ஆங்கில எழுத்தில், பன்றி ஜெலட்டின் என்று இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை, அச்சொட்டாக அப்படியே எழுதியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். பயம் வந்திருக்கவேண்டும், பிள்ளை சாப்பிட்டுவிட்டாளே என்ற துடிப்பு வந்திருக்கவேண்டும். அவையும் வந்தன, பின்னால் வந்தன. முதலில் வந்தது சந்தோஷம். அகப்பட்டாயா என்று என் மனம் கைகொட்டியது.

அவர்கள் மணலும் சிரிப்புமாகத் திரும்பி வந்தபோது நான் பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஹஸ்னாவின் முன்னாலேயே சொன்னேன். நஸ்ரியா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். விடுதிச் சமையற்காரன் கொடுத்த சாமான், பிடிப்பதற்குப் போடுகிற தூள் என்றுதான் சொன்னான், வேறொன்றும் கேட்கவில்லை என்றாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

"எத்தின புள்ளையளுக்குக் குடுத்திட்டன் ராத்தா."

ரிஸ்வான் மௌலவிக்குப் போன் எடுத்தார். தெரியாமல் சாப்பிட்டதற்குக் குற்றமில்லை, பாவமன்னிப்புக் கேளுங்கள், ஏனங்களை மட்டும் முறைப்படி கழுவுங்கள் என்று அவர் சொன்னார். முறைப்படி என்றால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். நஸ்ரியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சட்டி, தாச்சி, கரண்டி, கோப்பை எல்லாவற்றையும் கிணற்றடிக்குச் சுமந்தாள். எதில் பட்டது எதில் படவில்லை என்று அவள் பார்க்கவில்லை, குசினியையே காலி பண்ணினாள்.

நான் எதிர்பார்த்தது வேறு. ஹஸ்னா முகத்தைச் சுளிப்பாள், உம்மா சொன்னது சரி என்று என் பக்கம் வந்து நிற்பாள் என்று நினைத்தேன். அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தேங்காய்ச் சிரட்டையால் நல்ல மண் அள்ளிவந்து வாளியில் கரைத்தாள். சாச்சிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கோப்பை கோப்பையாகத் தேய்த்தாள். ஒவ்வொரு தரமும் இரண்டுபேரும் சேர்ந்து எண்ணினார்கள். இடையில் நஸ்ரியா அழுதால் ஹஸ்னா முழங்கையால் அவளுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டாள். நானும் ஒரு சட்டியை எடுக்கக் குனிந்தேன்.

"நீங்க இருங்க ராத்தா. நீங்க கண்டுபிடிச்சதே எங்களுக்குப் பெரிய உபகாரம்."

இதில் குத்தல் இருந்திருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன். இல்லை. என் தங்கைக்குக் குத்திப் பேசத் தெரியாது. அதுதான் அவளோடு எனக்குள்ள பெரிய கஷ்டம்.

5

அடுத்த நாளே அவள் பிள்ளைகள் சாப்பிட்ட வீடு ஒவ்வொன்றுக்கும் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அப்படியே நிறுத்தியிருக்கலாம். என் ராத்தாதான் பைக்கற்றைப் படித்துக் கண்டுபிடித்தா, அவ இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவு சாப்பிட்டிருப்போமோ என்று எல்லா வீட்டிலும் என்னைப் புகழ்ந்துவிட்டும் வந்தாள்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதையாகிவிட்டது. பெண்கள் பைக்கற்றுகளோடு வரத் தொடங்கினார்கள். கட்டாரில் இருக்கிற மகன் அனுப்பிய சொக்லேட், சவூதியில் இருந்து வந்த பிஸ்கட், பிள்ளைக்குக் கொடுக்கிற சத்துக் குளிசை, எல்லாம் வந்தது. கண்டக்குழியில் இருந்து ஒருத்தி ஷொப்பிங் பை நிறையக் கொண்டுவந்தாள். கனமூலையில் கல்யாணம் முடித்திருந்த, மச்சி முறையான ஒருத்தி ஓட்டோ பிடித்து வந்தாள். நான் முன் அறையில் கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வாசித்தேன். எதற்காக ஊருக்கு வந்தேனோ, அதைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது.

அந்த நாட்களில் ஹஸ்னாவும் நஸ்ரியாவும் ரிஸ்வானின் படகில் டொல்பின் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து எனக்குச் சொன்னார்கள். கூட்டம் கூட்டமாகப் பாய்ந்ததாம். நான் அப்போது ஒரு சூப் பைக்கற்றை வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் ஜெலட்டின் இல்லை.

6

நாங்கள் திரும்பி வந்த பிறகு நஸ்ரியா விடுதிக்குப் போய், இந்தத் தூளை இனி என் கையால் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். வேலையே போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் கடப்பாசிக்குப் போனாள். கடலில் இருந்து எடுத்துக் காயவைத்த பாசி. அவித்து வடித்தால் ஜெலட்டின் இல்லாமலே உறையும். நோன்பு காலத்தில் எங்கள் வீடுகளில் செய்வதுதான். ஆனால் அது வெட்டி எடுக்கிற மாதிரி இறுக்கமாக வரும், ஆடாது. விடுதிக்கு ஆடவேண்டும்.

அதை ஆடவைக்கத் தங்கையும் என் மகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடியோவில் பேச்சு. எவ்வளவு பாசிக்கு எவ்வளவு தண்ணீர், பால் எப்போது விடுவது, எதனால் திரைந்தது என்று ஹஸ்னா இங்கே ஆங்கிலத்தில் தேடி வாசிப்பாள், அங்கே தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்லுவாள். நஸ்ரியா கோப்பையைக் கமராவுக்கு முன்னால் பிடித்து ஆட்டிக் காட்டுவாள். நானும் கடப்பாசி செய்கிறவள்தான். அந்த அறையைத் தாண்டிப் பலதரம் நடந்திருக்கிறேன். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அப்படித்தான் என் மகளுக்குத் தமிழ் வந்தது. நான் வருடக்கணக்காகக் கெஞ்சியும், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இழுத்துப்போயும் வராத தமிழ், புடிங் உறைகிற வேகத்தில் வந்தது. அதுவும் நஸ்ரியாவின் தமிழ். கோபம் வந்தால் "இஞ்ச பாருங்க" என்று அவளைப்போலவே இழுக்கிறாள். என் வீட்டுக்குள் என் மகளின் வாயால் என் தங்கை பேசுகிறாள், அதைக் கேட்டு என் கணவர் பூரித்துப்போகிறார்.

கடைசியில் புடிங் ஆடியது. விடுதிப் பலகையில் அதற்கு ஹஸ்னா புடிங் என்று பெயர் எழுதிவிட்டார்கள். நஸ்ரியா படம் பிடித்து அனுப்பினாள். அந்தப் பெயரைத் தேடி எடுத்து வைத்தவள் நான்.

7

இப்போது நோன்பு பாதியைத் தாண்டிவிட்டது. அங்கே அவர்கள் நோன்பு திறக்கும்போது இங்கே எனக்கு நடுப்பகல். வேலைத்தளத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரம் நான் மாடிப்படியில் இருந்து போனைத் திறப்பேன். ஹஸ்னா வருவாள், கஞ்சிக் கோப்பையைக் காட்டுவாள், கையசைத்துவிட்டுப் போய்விடுவாள். வெயிலில் கறுத்து, அழகாக இருக்கிறாள்.

நேற்று நஸ்ரியா மட்டும் வந்தாள். ஹஸ்னா எங்கே என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி கொடுக்கப் போயிருக்கிறாள் என்றாள். அவளுடைய முகம் சரியில்லை. பிள்ளைக்கு ஏதாவது வருத்தமா என்று பதறிக் கேட்டேன். இல்லை, அல்ஹம்துலில்லாஹ் நன்றாக இருக்கிறாள், உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும், அவள் வருவதற்குள் கேட்கவேண்டும் என்றாள். கேள் என்றேன்.

"கோபிக்க மாட்டீங்கதானே ராத்தா. புள்ள குசினிக்குள்ள இருந்து வாய்தவறி என்னை உம்மா எண்டு கூப்பிட்டுட்டா. அவவுக்கே தெரியா. நான் திருத்தல்ல. நீங்க சொன்னா இனித் திருத்துறன்."

திருத்து என்ற சொல் நாக்கின் நுனியில் நின்றது. மேலிருந்து யாரோ படியில் இறங்கி வந்து, மன்னிக்கவேண்டும் என்று சொல்லி என்னைத் தாண்டிப் போனார்கள். போனில் நஸ்ரியா தலைகுனிந்துகொண்டு காத்திருந்தாள்.

ஒரு தரம்தானே என்று கேட்டேன். ஓம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன.

"இல்ல ராத்தா. ரெண்டு தரம்."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு அது எத்தனையாவது தரம் என்று தெரிந்திருக்கிறது. என்னை என் மகள் ஒரு நாளில் எத்தனை தரம் உம்மா என்று கூப்பிட்டாள் என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

"விடு நஸ்ரியா" என்றேன். "அவ கூப்பிட்டா, 'என்ன' எண்டு கேளு."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் போனை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். பெருந்தன்மை என்று யாரும் என்னைப் பாராட்டவேண்டாம். பின்னேரம் முழுவதும், இப்போது கூப்பிட்டிருப்பாளா, இப்போது கூப்பிட்டிருப்பாளா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.